ஆனேக்கலில் ஃபிர் மரம் வளருமா?

டிசம்பர் பிறந்ததும் சந்தாபுரத்திலிருந்து ஆனேக்கல் வரும் சாலையோர நர்சரிகளில், அடுக்கடுக்காய்க் கிளை விரித்த பச்சைக் கன்றுகள் தொட்டிகளில் வரிசையாக நிற்கும். ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்றே அவை விலை போகின்றன. சென்ற ஆண்டு எங்கள் வாடிக்கையாளரான விவசாயி ஒருவர், கேழ்வரகு விளையும் தமது ஓர் ஏக்கர் நிலத்தில் அமெரிக்காவில் விற்கும் ‘அசல்’ ஃபிர் மரத்தையே வளர்க்கக் கடன் வேண்டி வந்தார். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கப் புகுந்து நாங்கள் அறிந்துகொண்டவற்றை வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

அவர் விரும்பிய மரம் ஃபிரேசர் ஃபிர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாவரச் சேகரிப்பாளர் ஜான் ஃபிரேசரின் பெயரைத் தாங்கியது. அப்பலாச்சியன் மலைத்தொடரின் தென்பகுதியில், வட கரோலினா, டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் உயர்ந்த சிகரங்களில் மட்டுமே இயற்கையாக வளர்வது. வெட்டிய பின்னும் வாரக்கணக்கில் இதன் ஊசியிலைகள் உதிர்வதில்லை. அலங்காரப் பொருள்களின் எடையைக் கிளைகள் தாங்குகின்றன, நறுமணமும் உண்டு. சந்தையில் இதற்குள்ள மதிப்பு இவற்றால் வந்ததே. தோட்டங்களில் செழிக்கும் இம்மரம் தன் சொந்த மலையில் அருகி வருகிறது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா சென்று 1950களில் இம்மலைகளை எட்டிய நுண்ணிய சாறுறிஞ்சிப் பூச்சி, முதிர்ந்த காட்டு மரங்களுள் பெரும்பகுதியை அழித்துவிட்டது.

ஆனேக்கல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. நாம் குளிர் எனப் போர்த்திக்கொள்ளும் மார்கழி இரவிலும் வெப்பம் 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஃபிர் மரத்துக்கு இது கோடை! உறைபனி சூழ்ந்த நீண்ட குளிர்காலத்தில் உறங்கி எழுந்தால்தான் அதன் மொட்டுகள் சீராக விரியும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் வேரழுகல் நோய்க்கு இது எளிதில் இரையாகும்.

இந்தியாவில் ஃபிர் இனமே இல்லை என்று எண்ண வேண்டாம். இமயமலையின் உயர்ந்த சரிவுகளில் உண்டு. இருமலுக்கு நம் வீடுகளில் தேனில் குழைத்துத் தரும் தாளிசாதி சூரணத்தின் தாளிசபத்திரி, இமயமலை ஃபிர் மரத்தின் இலைதான். அதே பெயரில் வேறு இலைகளும் கடைக்கு வருவதுண்டு.

அப்படியானால் நம் நர்சரிகளில் நிற்பது எது? அது அரௌகேரியா. பசிபிக் கடலின் நார்ஃபோக் தீவும் நியூ கலிடோனியாவும் இதன் இரு இனங்களின் தாயகங்கள். வெப்பத்துக்குப் பழகிய இம்மரம் பெங்களூரில் நன்கு வளரும் என்பதற்கு லால்பாகில் ஓங்கி நிற்கும் மரங்களே சான்று. தொட்டியில் வைத்தால் அடுத்தடுத்த பண்டிகைக்கும் அதே மரம் உதவும். வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கக் கிளையை நட்டு வளர்த்த அரௌகேரியா நிமிர்ந்து எழாது, பக்கவாட்டிலேயே படர்ந்துகொண்டிருக்கும். விதையில் முளைத்த கன்றோ, உச்சிக் குருத்தை நட்டு வளர்த்த கன்றோதான் கூம்பாக உயரும். விதையும் விரைவில் முளைப்புத் திறனை இழக்கும். பழைய விதை வாங்கியவருக்கு இழப்பே.

இனி, கணக்கு. ஃபிரேசர் ஃபிர் தன் சொந்த மண்ணிலேயே விற்பனைக்குரிய ஆறேழு அடி உயரம் எட்டப் பத்தாண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். எடுத்துக்காட்டாக, 5 லட்சம் ரூபாய்க் கடன் 10 விழுக்காடு ஆண்டுக் கூட்டுவட்டியில் தவணை ஏதும் செலுத்தப்படாமல் பத்தாண்டு நின்றால் ஏறத்தாழ 12.97 லட்சமாகிவிடும். நிலத்தை ஈடு வைத்த குடும்பம், ஒரு மரமும் விற்காத நிலையில் அச்சுமையைத் தாங்க வேண்டும். கடனை மறுப்பது எங்களுக்கும் உவப்பானதன்று. எனினும், அந்தத் தாளை அவர் முன் வைத்து, கூட்டலை அவரையே சரிபார்க்கச் சொன்னோம். நெடுநேரம் பார்த்தவர், “கேழ்வரகையாவது விடாமல் இருக்கிறேன்” என்று எழுந்தார்.

இரு மாதம் கழித்து மீண்டும் வந்தார். கால் ஏக்கரில் நிழல்வலை அமைத்து அரௌகேரியாத் தொட்டிகள், எஞ்சிய நிலத்தில் கேழ்வரகு என்பது புதிய திட்டம். கேட்ட தொகையும் முன்னதினும் குறைவு. கன்றுகள் விதையில் முளைத்தவை என்று நர்சரிக்காரர் எழுதித் தந்த விலைப்புள்ளியையும் விண்ணப்பத்துடன் இணைத்திருந்தார்.