உங்களுக்குத் தெரியுமா?

1939 கோடையில், கல்யாணமான சூட்டோடு டாம் ரோல்ட், ஏஞ்சலா தம்பதி குடியேறியது வீட்டில் அல்ல, படகில்! இங்கிலாந்தின் பான்பரியிலிருந்து கால்வாய் வழியே கிளம்பிய அந்தப் படகு ‘கிரெஸ்ஸி’ சுமார் 70 அடி நீளம். அகலமோ வெறும் 7 அடி. அங்குள்ள குறுகிய கால்வாய்களில் அதற்குமேல் அகலமான படகு நுழையாது. கிரெஸ்ஸிக்குள்ளேயே குளியல் தொட்டியும் உண்டு!

இந்தப் பயணத்தை வைத்து ரோல்ட் எழுதிய ‘நேரோ போட்’ 1944இல் வெளியானது. ரயிலும் லாரியும் வந்தபின் கேட்பாரற்றுக் கிடந்த கால்வாய்கள் மீது பலருக்கும் அக்கறை பிறந்தது. 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் உருவானது.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் வேடிக்கை. ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயின் குறுக்கே, தண்ணீரை ஒட்டித் தாழ்வாக ஒரு பாலம். படகு வந்தால் தூக்கியே ஆகவேண்டும் என்பது சட்டம். ‘நான் வருகிறேன்’ என்று ரோல்ட் நோட்டீஸ் கொடுத்தார். கால்வாய்க்குச் சொந்தக்காரரான ரயில்வேயின் ஆட்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்க, கிரெஸ்ஸி கடந்தது. சட்டம் தெரிந்த படகுக்காரரிடம் யார் வாய் கொடுப்பது?

1951இல் தம்பதி பிரிந்தார்கள். ஏஞ்சலா சேர்ந்தது பில்லி ஸ்மார்ட் சர்க்கஸில்!