பெரியவர் பாட, பசங்க பின்னால வர... ‘ஹூக்கர் அண்ட் ஹீட்’ ஆல்பம் நமக்கு ஏன் முக்கியம்?

ஆடி பிறந்தால் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் தொடங்கி ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துக் கிராமங்கள் வரை பம்பைச் சத்தத்துக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால், கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். விடிய விடியக் கூத்துப் பாடுகிறவர்கள், உடுக்கையடித்துக் கதை சொல்கிறவர்கள், கும்மியும் ஒப்பாரியும் பாடுகிற பாட்டிமார்கள் எனப் பலருக்கும் வயதாகிவிட்டது. இன்னொரு பக்கம், ஒரு லேப்டாப், ஒரு மைக் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங் செய்கிற பசங்க ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு தரப்பும் சேர்ந்தால் நல்லதுதானே? நல்லதுதான். எப்படிச் சேர்வது என்பதில்தான் சிக்கல். பெரும்பாலும் பெரியவர் குரலில் நாலு வரியை வெட்டி, டிஜே பீட்டுக்கு நடுவில் ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

இதே சிக்கலை 1970-ல் அமெரிக்காவில் சில இளைஞர்கள் சந்தித்தார்கள். அவர்கள் செய்த ஆல்பத்தின் பெயர் ‘ஹூக்கர் அண்ட் ஹீட்’. ப்ளூஸ் இசையில் ஒரு மூத்த பாடகரும் இளம் ராக் இசைக்குழுவும் சேர்ந்த பதிவுகளில் இன்றும் முன்வரிசையில் வைத்துப் பேசப்படுவது இது. அவர்கள் என்ன செய்தார்கள், அதில் நமக்கு என்ன இருக்கிறது?

யார் இந்த ஹூக்கர்?

ஜான் லீ ஹூக்கர், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் என்ற ஊரை ஒட்டிய பகுதியில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1912 என்றும் 1917 என்றும் இரண்டு கணக்கு உண்டு. நம்ம திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் மாதிரி அதுவும் பருத்தி விளையும் சமவெளி. ஆனால், அங்கே நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் கறுப்பின மக்கள் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்து கடனிலேயே காலம் தள்ளினார்கள். ஹூக்கரின் குடும்பமும் அப்படிப்பட்டதுதான். அந்த வாழ்க்கையில் இருந்து வந்த பாட்டுதான் ப்ளூஸ்.

கிட்டார் வாசிப்பை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர், தாயின் இரண்டாவது கணவரான வில் மூர். பிழைப்புத் தேடி வடக்கே டெட்ராய்ட் நகரத்துக்குப் போன ஹூக்கர், கார் தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டே இரவில் பாடினார். 1948-ல் அவர் பதிவு செய்த ‘பூகி சில்லன்’ என்ற பாட்டு, அடுத்த ஆண்டு கறுப்பின மக்களிடையே விற்பனையாகும் இசைத்தட்டுகளின் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டில் டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிடையாது. ஒரு குரல், ஒரு கிட்டார், தரையில் தட்டும் காலடிச் சத்தம். அவ்வளவுதான்.

யார் இந்தக் கேன்டு ஹீட்?

லாஸ் ஏஞ்சலிஸில் 1965-ல் ஆலன் வில்சன், பாப் ஹைட் என்ற இரண்டு வெள்ளை இளைஞர்கள் தொடங்கிய ராக் இசைக்குழு. இரண்டு பேருமே பழைய ப்ளூஸ் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்த பைத்தியங்கள். குழுவின் பெயரே டாமி ஜான்சன் என்ற பாடகரின் 1928-ம் ஆண்டுப் பாட்டில் இருந்து எடுத்ததுதான். 1969-ல் லட்சக்கணக்கானோர் கூடிய உட்ஸ்டாக் இசை விழாவில் இவர்கள் வாசித்தார்கள். அன்றைய நிலவரப்படி கூட்டம், பணம், வானொலி எல்லாம் இவர்கள் பக்கம். ஹூக்கருக்கு மரியாதை இருந்தது, ஆனால் அந்த அளவு சந்தை இல்லை.

ஆலன் வில்சனைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். சன் ஹவுஸ் என்ற பழம்பெரும் ப்ளூஸ் பாடகர், பாடுவதையே விட்டுவிட்டு எங்கோ இருந்தவர். 1964-ல் அவரைச் சில ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். பல ஆண்டுகளாகக் கிட்டாரைத் தொடாததால் தன்னுடைய பாட்டுகளே அவருக்கு மறந்துபோயிருந்தன. பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்த வில்சன், பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய பாட்டை அவருக்கே வாசித்துக் காட்டினார். அந்தப் பெரியவர் 1965-ல் மறுபடி ஆல்பம் போட்டார். அப்போது வில்சனுக்கு வயது 21.

பதிவு எப்படி நடந்தது?

1970 மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸ். ஹூக்கர் ஐம்பதைத் தாண்டியவர். பசங்க இருபதுகளில் இருந்தவர்கள். அவர்கள் செய்த முதல் வேலை, ஹூக்கர் உட்கார ஒரு பிளைவுட் மேடை போட்டது. காரணம், அவர் காலால் தட்டும் தாளம் தெளிவாக விழ வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு மைக். குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று. கிட்டார் சத்தம் 1948-ல் இருந்த மாதிரி கரகரப்பாக வர வேண்டும் என்பதற்காகப் பளபளக்கும் புது ஆம்ப்ளிஃபையரை ஒதுக்கிவிட்டு, பழையது ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்தார்கள்.

அடுத்து, ஆல்பத்தின் வரிசையைப் பாருங்கள். மொத்தம் இரண்டு இசைத்தட்டு. முதலில் ஹூக்கர் தனியாகவே பாடுகிறார். பிறகு வில்சன் மட்டும் பியானோ, ஹார்மோனிகா, கிட்டார் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு கூடச் சேர்கிறார். முழுக் குழுவும் வருவது கடைசியில்தான். கேன்டு ஹீட்டின் முக்கியப் பாடகரான பாப் ஹைட் இந்த ஆல்பத்தில் பாடவே இல்லை. தயாரிப்பாளர்களில் ஒருவராகப் பின்னால் நின்றுகொண்டார். பாடத் தெரிந்த ஒருவர், தன் குழுவின் ஆல்பத்திலேயே வாயை மூடிக்கொண்டு இருப்பது சின்ன விஷயம் இல்லை.

கூட வாசிப்பது அவ்வளவு கஷ்டமா?

ஆமாம். ப்ளூஸ் பாட்டுக்குப் பொதுவாக ஒரு கணக்கு உண்டு. நான்கு தட்டு கொண்ட தாளச் சுற்று 12 முறை வந்தால் ஒரு பாட்டடி முடியும். எந்தச் சுற்றில் சுருதிக்கூட்டு மாறும் என்பதும் முன்கூட்டியே முடிவானது. ஆதி தாளத்தில் வாசிக்கிறவர்களுக்கு எங்கே ‘சமம்’ வரும் என்று தெரிகிற மாதிரி, ப்ளூஸ் வாசிக்கும் யாரும் இந்தக் கணக்கை வைத்து ஒருவரோடு ஒருவர் சேர்ந்துகொள்ளலாம்.

ஹூக்கர் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. ஒரு அடி 11 சுற்றிலும் முடியும், 13-லும் முடியும், பதின்மூன்றரையிலும் முடியும். சொல்ல வேண்டியது முடிந்தால்தான் அடுத்த அடி. சில பாட்டுகளில் கடைசி வரை ஒரே சுருதிக்கூட்டில் நிற்பார். படித்த இசைக்கலைஞர்கள் பலர் இவரோடு வாசிக்கத் திணறியது இதனால்தான்.

கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. வேஷக்காரர் ஒரு சொல்லை நீட்டினால் மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும் காத்திருந்து கூடவே போகும். “நேரம் ஆச்சுங்க, தாளத்துக்குள்ள வாங்க” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒப்பாரியிலும் அப்படித்தான். மூச்சும் அழுகையும் முடியும் இடத்தில்தான் வரி முடியும்.

இந்த ஆல்பத்தில் வில்சன் செய்வது அதைத்தான். ஹூக்கர் எங்கே திரும்புவார் என்று காதைத் தீட்டிக் காத்திருந்து, அவர் திரும்பிய அதே நொடியில் கூடத் திரும்புகிறார். ஒலிநாடாவில் பாட்டுக்கு நடுவே இருவரும் பேசிக்கொள்வதும் பதிவாகியிருக்கிறது. இந்தப் பையன் எப்படி என்னை இவ்வளவு சரியாகப் பின்தொடர்கிறான் என்று ஹூக்கரே வியந்துபோவதை அதில் கேட்கலாம்.

எல்லா முயற்சியும் ஜெயித்ததா?

இல்லை. 1968-ல் மட்டி வாட்டர்ஸ் என்ற இன்னொரு மூத்த பாடகரை வைத்து, அவரது நிறுவனம் ‘எலக்ட்ரிக் மட்’ என்ற ஆல்பம் போட்டது. அன்றைய ராக் ரசிகர்களைப் பிடிக்க வேண்டும் என்று முதலில் இசையை முடிவு செய்தார்கள். பிறகு அதற்குள் பெரியவரின் குரலை வைத்தார்கள். ஆரம்பத்தில் விற்றது. ஆனால், விமர்சகர்கள் கிழித்தார்கள், வாட்டர்ஸுக்கே பிற்பாடு அது பிடிக்கவில்லை. அந்தச் சத்தத்தை ரசிக்கிறவர்களும் இன்று உண்டு என்பது வேறு கதை.

ஹூக்கர் பதிவு நடந்த அதே 1970 மே மாதம் லண்டனில் ஹவுலிங் உல்ஃப் என்ற பாடகரோடு எரிக் கிளாப்டன், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சார்லி வாட்ஸ் போன்றோர் சேர்ந்து வாசித்தார்கள். உல்ஃபின் வழக்கமான கிட்டார்க்காரர் ஹூபர்ட் சம்லினையும் அழைத்து வந்தே ஆக வேண்டும் என்று கிளாப்டன் பிடிவாதம் பிடித்தார். ஒரு பாட்டை எப்படி வாசிக்க வேண்டும் என்று உல்ஃப் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் காட்சி, அந்த ஆல்பத்தில் அப்படியே இருக்கிறது. உலகப் புகழ்பெற்ற கிட்டார்க்காரர் மாணவனாக உட்கார்ந்திருப்பதைக் கேட்கலாம்.

பெயரும் காசும் யாருக்கு?

1971 ஜனவரியில் வெளிவந்த ‘ஹூக்கர் அண்ட் ஹீட்’, அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதல் 100 இடங்களுக்குள் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பதிவு செய்துவந்த ஹூக்கரின் ஆல்பம் ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுதான் முதல் தடவை. ஆல்பத்தின் பெயரிலும் அவர்தான் முதலில்.

அதுவரை அவர் கதை வேறு. கம்பெனிகள் ஒழுங்காகக் காசு கொடுக்காததால் டெக்சஸ் ஸ்லிம், டெல்டா ஜான், ஜான் லீ புக்கர் என்று பல பெயர்களில், பல கம்பெனிகளுக்குப் பாடிப் பிழைத்தவர். ‘பூகி சில்லன்’ சாயலில் தங்கள் பாட்டு இருப்பதாக ZZ டாப் என்ற ராக் குழு மீது 1990-களில் நடந்த வழக்கைத் தொடுத்தது ஹூக்கர்கூட இல்லை, 1948-ல் அதைப் பதிவு செய்த பெர்னார்ட் பெஸ்மனின் பதிப்பு நிறுவனம். பாடியது ஒருவர், உரிமை இன்னொருவர் கையில்.

ஆல்பம் வெளிவருவதைப் பார்க்க ஆலன் வில்சன் இல்லை. 1970 செப்டம்பர் 3-ம் தேதி, 27 வயதில் இறந்துபோனார். அட்டைப் படத்தில் ஹூக்கரும் குழுவினரும் இருக்கிறார்கள். வில்சன் சுவரில் மாட்டிய சட்டத்துக்குள் படமாக இருக்கிறார். ஹூக்கர் 2001 வரை வாழ்ந்தார். 1989-ல் கார்லோஸ் சந்தானா, போனி ரெய்ட் போன்றோருடன் ‘தி ஹீலர்’ ஆல்பம், அதில் ஒரு பாட்டுக்குக் கிராமி விருது என எழுபது வயதுக்கு மேல் புதிய வாழ்வு வந்தது. அதற்கான பாதை 1970-லேயே போடப்பட்டுவிட்டது.

நம்ம ஊர் நிலவரம் என்ன?

நம்மிடமும் பெரியவர்களின் குரல் மேடைக்கு வந்திருக்கிறது. ‘ஆண்பாவம்’ (1985) படத்தில் கொல்லங்குடி கருப்பாயி, ‘தூள்’ (2003) படத்தில் பரவை முனியம்மா, ‘கர்ணன்’ (2021) படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் கிடாக்குழி மாரியம்மாள். எல்லாமே சினிமா வழியாக வந்தவை, ஒன்றிரண்டு பாட்டு அளவில் நின்றவை. ஒரு மூத்த நாட்டுப்புறப் பாடகரை நடுவில் உட்காரவைத்து, முழு ஆல்பமாக அவர் போக்கிலேயே விடும் வேலை நம்மிடம் குறைவு.

பதிவு செய்து வைப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கும் கொங்கு நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1960-களின் நடுவில் மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக், காங்கேயம் வட்டாரக் கிராமம் ஒன்றில் அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் தொடர்ந்து பாடவைத்து ஒலிநாடாவில் பிடித்தார். பொன்னர், சங்கர் கதை பிற்பாடு அவர் வழியாகப் புத்தகமாகவும் அனிமேஷன் தொடராகவும் வந்ததற்கு அந்த ஒலிநாடாக்கள்தான் அடிப்படை.

இன்று பதிவு செய்ய நினைக்கிறவர்கள் என்ன செய்யலாம்?

முதலில், பெரியவரைத் தனியாக, அவர் போக்கில், முழுசாகப் பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். காதில் மாட்டிய ஹெட்போனில் ‘டிக் டிக்’ தாளம் ஓடவிட்டு, “அதுக்குள்ள பாடுங்க ஆயா” என்று கேட்காதீர்கள். கால் தட்டினாலும், கையில் சலங்கையோ உடுக்கையோ இருந்தாலும் அதற்கும் ஒரு மைக் வையுங்கள். பீட்டும் கிட்டாரும் பிறகு சேர்க்கலாம், அதுவும் அவர் பாட்டின் போக்கைக் கேட்டு.

அடுத்து, சட்டம். நாட்டுப்புறப் பாட்டுக்குப் பெரும்பாலும் எழுதியவர் பெயர் இருக்காது. அதனால் பாடுகிறவருக்கு உரிமையே இல்லை என்று அர்த்தம் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாட்டைப் பாடி நிகழ்த்துகிறவருக்குத் தனி உரிமை உண்டு. அது 50 ஆண்டுகள் செல்லும். 2012-ல் வந்த திருத்தம், வணிக நோக்கில் பயன்படுத்தினால் அவருக்கு ராயல்டி பெறும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. ஆகவே, பாடுகிறவர் பெயர் முதலில் வர வேண்டும். எவ்வளவு பங்கு என்பதை அவருக்குப் புரிகிற தமிழில் எழுதி, வீட்டில் படித்த ஒருவரை வைத்து வாசித்துக் காட்டி, ஒரு பிரதி அவரிடம் கொடுத்துவிட வேண்டும். “ஒரு சேலை எடுத்துக் கொடுத்துட்டோம்” என்பது கணக்கில் சேராது.

‘ஹூக்கர் அண்ட் ஹீட்’ இணையத்தில் சுலபமாகக் கிடைக்கிறது. கேட்க நேரம் இருந்தால் முதல் பாட்டில் ஆரம்பிக்கவும். அதில் கிட்டார், குரல், காலடி மூன்றே மூன்றுதான். கடைசிப் பாட்டான ‘பூகி சில்லன் 2’ பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். 1948-ல் ஒற்றை ஆளாகப் பாடிய அதே பாட்டை, 22 ஆண்டு கழித்து ஒரு ராக் குழு பின்னால் வர, ஹூக்கர் பாடுகிறார். டிரம்ஸ், பேஸ் எல்லாம் முழங்கினாலும் முன்னால் நடப்பது அவர்தான் என்பது கேட்டதுமே தெரிந்துவிடும்.