வெயிலில் ஆடப் போகும் பெண்ணுக்கு என்ன உடை?

கோடை விடுமுறை வந்தால் போதும், டென்னிஸ் கற்றுக்கொள்ளும் பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு பஞ்சாயத்து தொடங்கிவிடும். "போட்டிக்கு என்ன டிரஸ் போட்டு அனுப்பறது?" ஆண் பிள்ளைக்கு இந்தக் கேள்வியே கிடையாது. அரைக்கால் சட்டை, டீ-சர்ட், முடிந்தது கதை. வயசுக்கு வந்த பெண் என்றால் மாமியார், நாத்தனார், எதிர்வீட்டு அம்மா என்று ஆளுக்கு ஒரு தீர்ப்பு!

நாங்கள் இருப்பது திருவொற்றியூர். எங்கள் பக்கம் கேரம், குத்துச்சண்டை, கால்பந்து என்றால் சந்துக்குச் சந்து ஆள் இருக்கும். டென்னிஸ் மட்டையோடு போகிற பெண்ணைத்தான் தெருவே திரும்பிப் பார்க்கும். என் மகளுக்குப் பதினைந்து வயது. நான்கு வருடமாக ஆடுகிறாள். "இத்தனை நாள் சின்னப் பொண்ணு, சரி. இனிமேலும் குட்டைப் பாவாடை போட்டுக்கிட்டு நாலு பேர் எதிர்ல ஆடணுமா? கேக்கறவங்களுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?" என்பது என் மாமியாரின் கேள்வி. மகளோடு பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்கள் இந்த மாதிரிப் பேச்சுக்குப் பயந்தே ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். அதில் ஒருத்தி என் மகளைவிட நன்றாக ஆடுவாள். அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காமல் எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு நம் தெருவோடு நிற்கிற பேச்சும் இல்லை. சானியா மிர்சா 2005-ல், 18 வயதில், அமெரிக்க ஓப்பனில் நான்காவது சுற்று வரை போனார். அதே வருடம் அவருடைய பாவாடையின் நீளத்தைப் பற்றிச் சில மதத் தலைவர்கள் கண்டனம் சொல்ல, கொல்கத்தாவில் அவர் ஆடிய போட்டிக்குப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. அவர் ஆட்டத்தை விட்டாரா? இரட்டையர் பிரிவில் ஆறு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வாங்கி, 2023-ல்தான் ஓய்வு பெற்றார்.

இன்னொரு பக்கம், "பாவாடைதான் போட வேண்டும்" என்ற கட்டாயமும் இருந்திருக்கிறது. 2011-ல் உலக பேட்மிண்டன் சம்மேளனம், பெரிய போட்டிகளில் பெண்கள் பாவாடை அல்லது கவுன்தான் அணிய வேண்டும் என்று விதி கொண்டு வந்தது. எதிர்ப்பு கிளம்பவே, 2012-ல் கைவிட்டது. டென்னிஸில் செரீனா வில்லியம்ஸ், குழந்தை பிறந்த பின் ரத்தக் கட்டுப் பிரச்னை இருந்ததால், 2018 பிரெஞ்சு ஓப்பனில் உடம்பை ஒட்டிய கறுப்பு முழுநீள உடையில் ஆடினார். அதற்கும் கண்டனம் வந்தது. ஆனால் அந்த வருடக் கடைசியிலேயே பெண்கள் டென்னிஸ் சங்கம், பாவாடை இல்லாமல் லெகிங்ஸோ, தொடை வரையிலான இறுக்கமான ஷார்ட்ஸோ மட்டும் அணிந்தும் ஆடலாம் என்று விதியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே குட்டைப் பாவாடை போட்டால்தான் டென்னிஸ் என்பதும் பொய். போட்டால் மானம் போய்விடும் என்பதும் பொய். என் மாமியாரிடம் நான் சொன்னது இதுதான்: "அத்தே, காசிமேட்டுல மீன் ஏலம் எடுக்கற பொம்பளைங்க சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கிட்டுத்தானே வேலை பாக்கறாங்க? யாராவது தப்பாப் பேசறாங்களா? வேலைக்குத் தக்கபடி துணி. இதுவும் அப்படித்தான்." அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த நாள், "முட்டி வரைக்கும் இருந்தா சரி" என்று ஒரு படி இறங்கி வந்தார். மகளும் முழங்கால் வரையிலான மெல்லிய லெகிங்ஸும் மேலே பாவாடையும் என்று தானே தேர்ந்தெடுத்தாள். அவளுக்கு அதில் கூச்சமில்லை, ஓட முடிகிறது. அவ்வளவுதான் வேண்டும்.

இனி, வெயில் என்ற பெரிய எதிராளியைப் பார்ப்போம். அக்னி நட்சத்திரத்தில் நடக்கும் போட்டி காலையில் தொடங்கினாலும், முந்தைய ஆட்டங்கள் இழுத்தால் நம் பெண்ணின் முறை உச்சி வெயிலில்தான் வரும். திருவொற்றியூர், எண்ணூர் கரையில் கடல்காற்று சீக்கிரம் வந்துவிடும். நுங்கம்பாக்கம் போன்ற உள்பகுதிக்கு அது வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். நம் வாசலில் காற்று அடிக்கிறதே என்று அங்கேயும் எதிர்பார்க்காதீர்கள்.

துணி: பருத்திதான் நல்லது என்று வளர்ந்தவர்கள் நாம். வீட்டுக்கு அது சரி. ஒரு மணி நேரம் ஓடி ஆடினால் பருத்தி வியர்வையைக் குடித்து, கனத்து, முதுகில் ஒட்டிக்கொள்ளும். விளையாட்டுக்கென்று வரும் மெல்லிய பாலியெஸ்டர் பனியன் துணி சீக்கிரம் உலரும். வெளிர் நிறமாக, கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். கறுப்பு வெயிலை வாங்கிக்கொள்ளும். உள்ளே விளையாட்டுக்கான பிரா அவசியம். இதைக் கேட்கப் பெண் கூச்சப்படுவாள்; தாயே வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

பை: பாவாடையிலோ ஷார்ட்ஸிலோ பந்து வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸ் போடும்போது இரண்டாவது பந்து எங்கே வைப்பாள்?

காலணி: பணம் குறைவாக இருந்தால் சட்டையில் மிச்சம் பிடியுங்கள், ஷூவில் வேண்டாம். ஓட்டப் பயிற்சி ஷூ நேராக ஓடத்தான். டென்னிஸில் பக்கவாட்டில் பாய வேண்டும், கணுக்கால் பிசகிவிடும். புது ஷூவைப் போட்டி அன்று முதன்முதலாகப் போட்டால் கொப்புளம் நிச்சயம்.

தலை: எண்ணெய் வழிய வாரிவிடாதீர்கள். வியர்வையோடு கண்ணில் இறங்கும். கண் மையும் அப்படித்தான். இறுக்கிப் பின்னி, தொப்பி போடட்டும். கொலுசு, வளையல், பூ எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

மாதவிலக்கு: வெள்ளை உடை என்றால் பெண்கள் மனசுக்குள் நடுங்குவது இதற்குத்தான். வெள்ளைக்குப் பேர் போன விம்பிள்டனே இந்தப் பயத்தை ஒப்புக்கொண்டு, 2023 முதல் பெண்கள் பாவாடைக்குள் அடர் நிற ஷார்ட்ஸ் அணியலாம் என்று அனுமதித்தது. நாமும் அடர் நிற உள் ஷார்ட்ஸ் ஒன்றும் நாப்கினும் எப்போதும் பையில் வைத்துவிடுவோம்.

மாற்று உடை: இரண்டு டீ-சர்ட், இரண்டு ஜோடி சாக்ஸ், இரண்டு துண்டு. 2018 அமெரிக்க ஓப்பனில், கடும் வெயிலில், பிரான்ஸின் அலிசே கோர்னே பின்பக்கம் முன்பக்கமாகப் போட்டுவிட்ட சட்டையைக் களத்திலேயே சரி செய்ததற்கு நடுவர் எச்சரிக்கை கொடுத்தார். ஆண்கள் களத்தில் சட்டை மாற்றுவது சர்வ சாதாரணம்! பிறகு போட்டி அமைப்பாளர்களே வருத்தம் தெரிவித்தார்கள். உடை மாற்ற அறை இருக்கிறதா, உடை விதி என்ன என்பதை முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

பயணம்: பஸ்ஸிலும் மெட்ரோவிலும் பார்வைகளுக்குப் பயந்தே பாதிப் பெண்கள் சோர்ந்துவிடுகிறார்கள். ஆட்ட உடைக்கு மேலே தளர்வான டிராக் பேண்ட், சட்டை போட்டு அழைத்துப் போங்கள். அங்கே போய்க் கழற்றிக்கொள்ளலாம்.

தண்ணீரோடு உப்புப் போட்ட மோரோ, உப்பு-சர்க்கரைக் கரைசலோ கொடுங்கள். தலை சுற்றல், குமட்டல், பேச்சில் குழப்பம் என்றால் ஆட்டம் போனால் போகட்டும். உடனே நிழலுக்குக் கொண்டு வந்து, ஈரத்துணியால் உடம்பைக் குளிரவைத்து, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கம் மைதானத்தில் நடந்த பெண்கள் சென்னை ஓப்பனை வென்ற லிண்டா ஃப்ருவிர்டோவாவுக்கு வயது 17. நம் வீட்டுப் பெண்கள் அத்தனை உயரம் போவார்களோ என்னவோ. ஆனால் துணியைக் காரணம் காட்டிப் பதினைந்து வயதிலேயே அவர்களை வீட்டில் உட்கார வைத்துவிட்டால், அது தெரியவே போவதில்லை.

சகோதரிகளே, உறவினர் என்ன சொல்வார்கள் என்று கேட்பதற்கு முன், "உனக்கு எதில் ஆடச் சௌகரியம்?" என்று உங்கள் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வெயிலில் நின்று ஆடப் போகிறவள் அவள்தானே!

- ஒரு வாசகி, திருவொற்றியூர்.