பழைய காரின் பெட்ரோல் பம்ப் ஏன் இரைகிறது?

இன்ஜெக்‌ஷன் வகை பெட்ரோல் கார்களில் எரிபொருள் பம்ப் பெரும்பாலும் டேங்குக்குள்ளேயே இருக்கும். சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கம் ஓரிரு விநாடி கேட்கும் மெல்லிய ரீங்காரம் இயல்பானது. வண்டி ஓடும்போதும் உரக்க இரைந்தால்தான் கவனிக்க வேண்டும்.

மோட்டாரைக் குளிர்விப்பதும் அதற்கு மசகாக இருப்பதும் பெட்ரோல்தான். எப்போதும் டேங்கின் அடிமட்டத்தில் வைத்தே ஓட்டினால் பம்ப் சூடேறித் தேயும். உறிஞ்சும் வாயிலுள்ள வலையைத் துருவும் கசடும் அடைத்தால் அங்கே அழுத்தம் குறைந்து, பெட்ரோலில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். அவை அழுத்தம் கூடிய பக்கம் போய் நசுங்கும்போது எழுவதே அந்தக் கரகரப்பு.

எடுத்த எடுப்பில் பம்பையே மாற்றுவது வீண் செலவு. முதலில் டேங்கை நிரப்பிப் பார்க்கலாம். மூடியைத் திறக்கையில் காற்று ‘உஸ்’ என்று உள்ளிழுக்கப்பட்டு, பிறகு சத்தம் குறைந்தால் காற்றுவழியில் அடைப்பு. அடுத்தது ஃபில்டர். அதற்கும் அடங்காவிட்டால் அழுத்தமானி வைக்க வேண்டும். பல மாடல்களில் சுமார் 3 பார் இருக்கும், சரியான அளவு சர்வீஸ் கையேட்டில் உண்டு. குறைவாகக் காட்டினால், பம்புக்கு வரும் மின்னழுத்தத்தையும் அளந்த பிறகே பம்பின் மேல் பழி போடலாம். அழுத்தம் சரியாக இருந்தும் இரைச்சல் நீடித்தால், பம்பைத் தாங்கும் ரப்பர் இற்றுப்போயிருக்கலாம்.