அச்சே அசல்

கோடும் காகிதமும் – 9

நவராத்திரிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கடலூர் வண்டிப்பாளையத்தில் பொம்மைகள் வெயில் காய ஆரம்பித்துவிடும். வெள்ளை பூசிய பிள்ளையார்களும் இன்னும் வண்ணம் ஏறாத செட்டியார், செட்டிச்சிகளும் திண்ணையில் வரிசை கட்டி நிற்பார்கள். அப்படி ஒரு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, அச்சிலிருந்து பொம்மை எடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பல நாளாக மனத்தில் கிடந்த கேள்வியைக் கேட்டேன்.

"ஒரு அச்சுல எத்தனை பொம்மைங்க ஐயா எடுக்கலாம்?"

"எண்ணிக்கை என்ன தம்பி எண்ணிக்கை, மூக்கைப் பாத்தாத் தெரியும்" என்றார். அச்சின் இரண்டு பாதிகளையும் பிரித்து, முகம் பதியும் குழியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "முதல்ல மூக்கு நுனி போகும். அப்புறம் விரலு. மூக்கு மழுங்கிட்டா அச்சை ஒதுக்கி வெச்சிடுவோம். அதுக்கு மேல எடுத்தா அது பொம்மை இல்ல, வெறும் மண்ணு."

இந்த வாரம் எழுத நினைத்ததை அந்த மூக்கு நுனியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கலைக்கூடங்களில் 'லிமிடெட் எடிஷன்' என்று எழுதி மாட்டியிருப்பார்களே, இத்தனை பிரதிதான் என்று எண்ணிக்கையை வரையறுத்து எடுக்கும் அச்சோவியங்கள், அவற்றின் நியாயம் முழுவதும் அந்த நுனியில் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு கலைக்கூடத்தில் அச்சோவியக் கண்காட்சி நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த சிதம்பரத்து நண்பனையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். கிருஷ்ணா ரெட்டியின் படங்கள் மாட்டியிருந்த சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றோம். 1963-இல் அவர் செய்த 'சுழல்' அங்கே இருந்தது. வெள்ள காலத்தில் கொள்ளிடப் பாலத்தின் மேல் நின்று கீழே சுழியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நடுவிலிருந்து கோடுகள் கிளம்பி, வளைந்து, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன. நீலம் என்று நினைத்துப் பக்கத்தில் போனால் அதற்குள் வேறு வண்ணங்கள் பொடிப்பொடியாக மினுங்குகின்றன. தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. காகிதம் தட்டையாக இல்லை. கோடுகள் புடைத்திருந்தன. படத்தைச் சுற்றி நாலு பக்கமும் உலோகத் தகட்டின் விளிம்பு அழுந்தி, ஒரு மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது.

நண்பன் குனிந்து, கீழே பென்சிலால் எழுதியிருந்த பின்னத்தைப் பார்த்தான். அப்புறம் விலையைப் பார்த்தான். என் காதோரம் வந்து, "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா அச்சுதானே? ஒரிஜினல் எங்க இருக்கு?" என்றான்.

நியாயமான கேள்வி. நம் ஊரில் அச்சுப்படம் என்றால் காலண்டர். ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு, அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுப் பூஜை மாடத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். பின்னாளில் கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் தெய்வங்கள் சிவகாசி அச்சில் ஏறி, தமிழ்நாட்டுக் கடைகளின் கல்லாப்பெட்டிக்கு மேல் அமர்ந்தன. அது பெரிய தொண்டு. கோயிலுக்கும் அரண்மனைக்கும் உள்ளே இருந்த ஓவியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த தொண்டு. ஆனால் அங்கே முதலில் ஓவியன் வரைந்த ஒரு படம் இருந்தது. அச்சகம் அதைப் பார்த்துப் படியெடுத்தது. அதனால் அச்சு என்றால் நகல், அசல் வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது.

கிருஷ்ணா ரெட்டி செய்த வேலையில் அப்படி முன்கூட்டி ஒரு படம் கிடையாது.

அவர் 1925-இல் சித்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தார். 1940-களின் இறுதியில் சென்னைக்கு வந்து கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்தார். பிறகு லண்டன், அங்கிருந்து பாரிஸ். பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் நடத்திய 'அத்தலியே 17' என்ற அச்சோவியப் பட்டறையில் சேர்ந்தார். ஓவியர் மிரோவும் சிற்பி ஜாக்கொமெட்டியும் வேலை செய்த பட்டறை அது. பின்னால் ஹேட்டரோடு சேர்ந்து அந்தப் பட்டறையையே நடத்தினார். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார். 1970-களில் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே 2018-இல் காலமானார்.

அடிப்படையில் அவர் சிற்பி. தகட்டையும் சிற்பியின் கண்ணோடுதான் பார்த்தார். துத்தநாகத் தகட்டை அமிலத்தால் அரித்தும், கருவிகளால் குடைந்தும், மேடு, சரிவு, பள்ளம் என்று பல மட்டங்களை உண்டாக்குவார். சுண்டுவிரல் நகத்தின் தடிமன்கூட இல்லாத அந்த உயர வித்தியாசத்துக்குள் ஒரு நிலப்பரப்பே இருக்கும்.

அந்த மேடுபள்ளத்தில் அவரும் பாரிஸ் நண்பர்களும் கண்டுபிடித்த வித்தை உலக அச்சோவியத்தையே மாற்றியது. அதற்கு முன் பல வண்ணப் படம் வேண்டுமென்றால் பெரும்பாலும் வண்ணத்துக்கு ஒரு தகடு செய்ய வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் காகிதத்தை வைத்து அழுத்த வேண்டும். இவர்கள் ஒரே தகட்டில், ஒரே அழுத்தில் எல்லா வண்ணங்களையும் கொண்டுவந்தார்கள்.

அது எப்படி என்று புரிய நம் அடுப்படிக்குப் போனால் போதும். தோசைக்கல்லில் எண்ணெய் கூடிப்போனால் மாவு கல்லைப் பிடிக்காது, கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வந்துவிடும். இங்கே நடப்பதும் அதுதான். முதலில் ஒரு மையைத் தகடு முழுக்கத் தேய்த்துத் துடைப்பார்கள். அது அடிப்பள்ளத்தில் மட்டும் தங்கும். அடுத்து, ஆளிவிதை எண்ணெய் அதிகம் கலந்த இளகிய மையைக் கெட்டியான உருளையால் உருட்டுவார்கள். கெட்டி உருளை வளைந்து கொடுக்காது, மேட்டை மட்டும் தொடும். பிறகு எண்ணெய் குறைந்த இறுக்கமான மையை மெத்தென்ற உருளையால் உருட்டுவார்கள். மெத்தென்ற உருளை அழுந்தி இறங்கி இடைமட்டத்தைத் தொடும். மேட்டில் ஏற்கெனவே எண்ணெய்ப்பசை இருப்பதால் இந்தப் புது மை அங்கே ஒட்டாமல் விலகிவிடும். மேட்டில் ஒரு நிறம், இடையில் ஒரு நிறம், அடியில் ஒரு நிறம். அதன்மேல் ஈரக் காகிதத்தைப் பரப்பி அழுத்து எந்திரத்துக்குள் செலுத்தினால், காகிதம் எல்லா மட்டத்துக்கும் இறங்கி மூன்றையும் வாங்கிக்கொண்டு வரும்.

இப்போது என் நண்பனின் கேள்விக்கு வருகிறேன். அச்சடிக்கும் முன் படம் எங்கே இருந்தது? தகட்டிலா? தகட்டில் இருந்தது மை ஏறாத உலோகம், அதுவும் இடம் வலமாக மாறிய வடிவம். மையிலா? அது டப்பாவில் இருந்தது. தகடும் மையும் ஈரக் காகிதமும் ஒன்றையொன்று நெருக்கிய அந்தக் கணத்தில்தான் படம் முதன்முதலாக இந்த உலகத்துக்கு வருகிறது. ஒரு படம் எடுத்தால் தகட்டில் மறுபடியும் முதலிலிருந்து மை ஏற்ற வேண்டும். கை ஒரு நூல் கூட அழுத்தித் துடைத்தால் இன்னொரு சாயல் வரும். 1968-இல் பாரிஸ் மாணவர் எழுச்சியைப் பார்த்து 'ஆர்ப்பாட்டக்காரர்கள்' செய்ததும், 1980-களில் ஒரே தகட்டிலிருந்து 'மாபெரும் கோமாளி'யை விதவிதமான வண்ணங்களில் எடுத்ததும் இந்தக் கையால்தான். எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் நகல் ஆகாது.

அப்படியானால் எண்ணிக்கை எதற்கு? வண்டிப்பாளையத்துப் பெரியவர் சொன்ன மூக்கு நுனிதான் காரணம். செப்புத் தகட்டை ஊசியால் கீறினால் கோட்டின் ஓரத்தில் பிசிறு எழும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் கோடு வெல்வெட் போல அச்சில் விழும். அழுத்து எந்திரத்தின் பாரத்தில் சில பத்துப் படங்களுக்குள் அந்தப் பிசிறு நசுங்கிவிடும். அதற்கு மேல் எடுத்தால் கோடு இருக்கும், உயிர் இருக்காது. அதனால் உயிர் இருக்கும்வரை எடுத்து நிறுத்தினார்கள். பிற்பாடு தேயாத தகடுகளும் வந்தன. இருந்தாலும் இத்தனைதான் என்று ஓவியனே வரம்பு கட்டுவது மரபாக நின்றுவிட்டது.

படத்துக்குக் கீழே இடது ஓரத்தில் பென்சிலில் 7/50 என்றிருந்தால், ஐம்பதில் ஏழாம் எண் கொடுத்தது என்று பொருள். வலது ஓரத்தில் கையெழுத்து இருக்கும். எண்ணுக்குப் பதில் ஏ.பி. என்றிருந்தால் ஓவியன் தனக்கென்று எடுத்துக்கொண்ட சில படிகளில் ஒன்று. ஐம்பதும் முடிந்ததும் தகட்டின் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிடுவார்கள். அதோடு அந்தத் தகட்டின் வேலை முடிந்தது.

அந்தப் பின்னம் ஒரு வாக்கு. அதனால்தான் அது உடையும்போது வலிக்கிறது. 1974-இல் பிரான்ஸ் சுங்க அதிகாரிகள் ஒரு லாரியை மறித்தபோது, அதற்குள் சுமார் 40,000 வெற்றுத் தாள்கள், ஒவ்வொன்றிலும் ஓவியர் சால்வடோர் டாலியின் கையெழுத்து. படம் வருவதற்கு முன்பே கையெழுத்து வந்துவிட்டது. இன்றைக்கும் கேன்வாஸ் ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து, கணினி அச்சில் போட்டு, எண்ணும் கையெழுத்தும் சேர்த்து விற்கிறார்கள். அது அழகாக இருக்கலாம், ஆனால் அது படியெடுத்த படம். வாங்க நினைப்பவர்கள் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப் போங்கள். சீரான புள்ளிகள் தெரிந்தால் அது எந்திர நகல். தகட்டு விளிம்பின் பள்ளமும் விரலுக்குத் தட்டுப்படும் மையும் பொய் சொல்வது கடினம்.

இனி சிதம்பரத்துக்குப் போவோம். கண்காட்சி முடிந்து ஒரு மாதம் கழித்து ஆனித் தேர் வந்தது. நண்பனின் வீடு தேர் வரும் வீதியில். அவன் அம்மாவுக்கு முட்டிவலி, சன்னதி வரை நடந்து போய்ப் பல வருடம் ஆகிறது. வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். தேர் அசைந்து வந்து எதிரே நின்றபோது அந்த அம்மா எழுந்து நின்று கை கூப்பினார்கள். கண்ணில் நீர் வழிந்தது.

தேர் நகர்ந்த பிறகு நண்பனிடம் கேட்டேன்: "அம்மா இப்ப கும்பிட்டது ஒரிஜினலாடா, நகலா?"

அவனுக்குச் சுருக்கென்றது. "எங்க ஊர்ல அப்படிக் கேக்கவே முடியாதுடா. மத்த ஊர்ல மூலவர் உள்ளயே இருப்பாரு, உற்சவர்தான் வெளிய வருவாரு. இங்க உள்ள இருக்கறவரேதான் தேர்ல வர்றாரு" என்றவன், சட்டென்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான். கலைக்கூடத்தில் அவன் கேட்ட கேள்வி அவனுக்கே திரும்பி வந்திருந்தது.

சென்னையில் எனக்கு வராத பதில் அதுதான். ஆனியிலும் மார்கழியிலும் சிதம்பரத்தில் நடராஜர் தேரேறி நான்கு வீதியும் வரும்போது, சிற்சபையில் அசல் என்று இன்னொருவர் காத்திருப்பதில்லை. அச்சோவியமும் அப்படித்தான். பட்டறைக்குள் பூட்டிவைத்த அசல் ஒன்று கிடையாது. வெளியே வந்தது எதுவோ அதுவே மூலம். அப்பாவை உரித்துவைத்த பிள்ளையை 'அச்சு அசல்' என்று இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்லிவந்திருக்கிறோம். நம் பேச்சில் அவை என்றோ ஒட்டிக்கொண்டுவிட்டன.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கேன்வாஸ் ஓவியம் ஒரு சுவரில்தான் தொங்க முடியும். அந்தச் சுவர் பெரும்பாலும் பெருநகரத்துச் சுவராக இருக்கிறது. அச்சோவியத்துக்கு அந்தத் தளை இல்லை. 2016 இறுதியிலிருந்து 2017 வரை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹேட்டர், கிருஷ்ணா ரெட்டி, அலிகாரில் பிறந்த ஜரீனா ஹாஷ்மி ஆகிய மூவரின் படைப்புகளைச் சேர்த்து ஒரு கண்காட்சி நடத்தியது. பாரிஸ் பட்டறையும் அங்கிருந்து கிளைத்த மரபும் ஒரே கூரையின் கீழ். ஜரீனா வீடு, வாசல், எல்லை என்று ஒவ்வொரு சொல்லையும் மரத்தில் செதுக்கி 36 அச்சுகள் கொண்ட தொகுதி செய்தார். 25 தொகுதிகள் எடுத்தார். நியூயார்க்கில் ஒன்றைப் பார்ப்பவர் காண்பதும் வேறொரு நாட்டில் இன்னொன்றைப் பார்ப்பவர் காண்பதும் ஜரீனாவின் கை தொட்ட அசல்தான்.

அப்படி ஒன்று கடலூரில் ஒரு பள்ளிக்கூட நூலகத்திலும் இருக்கலாமே. சிதம்பரத்தில் ஒரு கல்லூரி வராந்தாவிலும் இருக்கலாமே. கிருஷ்ணா ரெட்டி வேண்டாம், அவர் விலை இன்று எட்டாது. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையத்திலும் ஓவியக் கல்லூரிகளிலும் இளைஞர்கள் தகட்டை அரித்துக்கொண்டும் மரத்தைச் செதுக்கிக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களின் அச்சோவியம் ஒன்று, கேன்வாஸ் ஓவியத்தின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். பள்ளி ஆண்டு விழாவுக்கு வாங்கும் கேடயங்களில் சிலவற்றைக் குறைத்தால் போதும். ஒரு பெண்பிள்ளை மதிய இடைவேளையில் அதன் முன்னால் நின்று, தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்து, கோடு புடைத்திருப்பதைத் தானே கண்டுபிடிப்பாள்.

கோயில் வரை நடக்க முடியாதவர்களுக்காக ஆடவல்லானே வீதிக்கு வருகிறான். ஓவியமும் அப்படி நம் வீதிக்கு வரக்கூடியதுதான். வாசலில் ஒரு நாற்காலி போட்டுவைக்க வேண்டியது நம் வேலை.

(அடுத்த வாரம்: கல்லில் வரைந்து காகிதத்தில் எடுக்கும் லித்தோ)