உப்பேறிய வயலும் உமரியும்

2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கொட்டியாரக் குடாவையடுத்த மூதூர், கிண்ணியாப் பகுதிகளைத் தாக்கியது. கடல்நீர் புகுந்த நிலத்தில் முதலிற் குடியேறுவது பெரும்பாலும் உப்பைத் தாங்கும் உமரியே. (கீரையாகச் சமைப்போருக்கு அதுவும் ஒரு விளைச்சல்தான்.) வடகீழ்ப் பருவமழை உப்பைக் கழுவக் கழுவ, அறுகும் கோரையும் அதன் இடத்தைப் பிடிக்கும், வழக்கமான களைகள் அதன் பின்னரே தோன்றும். கமக்காரர் இவ்வொழுங்கைக் கவனித்தல் வேண்டும். உமரி செழித்திருக்கையில் விதைப்பின் விதைநெல் நட்டமாகும். இளநாற்று உப்பைத் தாங்காது. வெங்காயமோ நெல்லினும் உப்புக்கு அஞ்சும். உமரியைப் பிடுங்குவதால் மட்டும் உப்பு நீங்காது. வரம்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, வடிகாலால் வெளியேற்றி, மீண்டும் தேக்குக. சிறுபோக வரட்சியில் உமரி மறுபடி தலைகாட்டின், உப்பு மேலேறுகின்றது என்று கொண்டு, கடற்பக்க வரம்பையும் வடிகாலையும் உடனே பார்வையிடுக.