காட்டின் மேல் ஒரு சீழ்க்கை

காலை பத்து மணி வாக்கில், வெயில் ஏறும் நேரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டோரமாக நின்று காதைக் கொடுங்கள். உயரத்திலிருந்து நீண்ட சீழ்க்கை ஒன்று, அதைத் தொட்டு இரண்டு மூன்று குறுஞ்சீழ்க்கைகள். அண்ணாந்தால் அகன்ற சிறகை விரித்து வட்டமிடும் கொண்டைப் பாம்புக்கழுகு தெரியும். சிறகின் பின்விளிம்பிலும் வாலின் குறுக்கேயும் ஓடும் வெள்ளைப் பட்டையே அதன் அடையாளம்.

கத்தாதபோது அதைக் கண்டுபிடிப்பது கடினம். இலையடர்ந்த கிளையில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்து தரையையே பார்த்திருக்கும். பாம்போ ஓணானோ தவளையோ நகர்ந்தால் மேலிருந்து பாய்ந்து காலால் அமுக்கும். அந்தக் கால்கள்தான் என்னை வியக்கவைப்பவை. இறகு மூடாத மஞ்சள் கால்கள். அவற்றின்மேல் ஓடு வேய்ந்தாற்போல் தடித்த செதில்கள். பாம்பின் பல் எளிதில் இறங்காது. விரல்களும் குட்டையானவை. நெளியும் மெல்லிய உடலை இறுக்கிப் பிடிக்க அதுவே வாகு.

இந்தக் கழுகு சேர்ந்த பேரினத்தின் அறிவியல் பெயர் ஸ்பைலோர்னிஸ்; கிரேக்க மொழியில் ‘புள்ளிப் பறவை’ என்று பொருள். மார்பிலும் வயிற்றிலும் தெளித்தாற்போலிருக்கும் வெண்புள்ளிகளால் வந்த பெயர். இந்தியா, இலங்கை தொடங்கி இந்தோனேசியா வரை பரவியிருப்பது கொண்டைப் பாம்புக்கழுகு. சுலவேசி, பிலிப்பைன்ஸ், போர்னியோ மலைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இனம் உண்டு. தீவுக்குத் தீவு உருவமும் நிறமும் மாறுவதால், மொத்தம் எத்தனை இனங்கள் என்பதில் பறவையியலாளர்களின் பட்டியல்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை.

அந்தமானில் இந்தப் பேரினத்தின் இரண்டு இனங்கள் அருகருகே வாழ்கின்றன. கரையோரத்திலும் அலையாத்திக் காடுகளிலும் வெளிர்நிறக் கொண்டைப் பாம்புக்கழுகு. உள்காட்டில் கரும்பழுப்பு அந்தமான் பாம்புக்கழுகு. ஒரே தீவை இப்படிப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

இன்னும் தெற்கே, கிரேட் நிக்கோபாரிலும் அதையொட்டிய சிறு தீவுகளிலும் மட்டும் வாழ்கிறது மற்றொரு இனம். 1902இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. நீளம் சுமார் 40 சென்டிமீட்டர்தான். உலகின் மிகச் சிறிய கழுகுகளில் ஒன்று. கிரேட் நிக்கோபாரில்தான் துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றுக்காக சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுத்துக்கொள்ள அரசு 2022இல் ஒப்புதல் அளித்தது. இந்தக் கழுகு இரை தேடுவதும் கூடு கட்டுவதும் அந்தத் தீவின் காட்டில்தான். அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.